பழைய புல்லட்டில் கியர் விழவில்லையா? பெட்டியைப் பிரிக்க அவசரம் வேண்டாம்

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். பழைய புல்லட்டுகளைத் தேடி வாங்கிச் சீராக்கி ஓட்டும் இளைஞர்களுக்காகத் தங்கள் நாளிதழின் வாகனப் பக்கத்தில் அண்மையில் வெளியான கட்டுரையைப் படித்தேன். கார்புரேட்டரைச் சுத்தம் செய்வது பற்றியும் பிளாட்டினம் பாயின்ட்டின் இடைவெளியைச் சரிபார்ப்பது பற்றியும் அதில் சொல்லப்பட்டவை சரியானவையே. ஆனால் கியர் பற்றிய பகுதியில், நான்கு கியர் வண்டியில் கியர் சரியாக விழவில்லை என்றால் பினியன்கள் (பெட்டிக்குள் உள்ள பற்சக்கரங்கள்) தேய்ந்துவிட்டன என்று பொருள் என்றும், பெட்டியைப் பிரித்து அவற்றை மொத்தமாக மாற்றுவது அல்லது ஐந்து கியர் பெட்டி ஒன்றைப் பொருத்திவிடுவதுதான் நிரந்தரத் தீர்வு என்றும் எழுதப்பட்டிருந்தது. இத்தகைய வண்டிகளைப் பழுது பார்ப்பதையே பிழைப்பாகக் கொண்டவன் என்ற முறையில், இந்த அறிவுரையை மறுத்து எழுத வேண்டிய கடமை எனக்கு இருக்கிறது. கியர் கோளாறு என்று சொல்லி என்னிடம் கொண்டுவரப்படும் வண்டிகளில் பெரும்பாலானவற்றில் கோளாறு பினியனில் இருப்பதில்லை. கிளட்சிலோ, கியர் லிவரை ஒட்டிய வெளிப்புற அமைப்பிலோதான் இருக்கிறது. வெளியிலிருந்து உள்ளே போக வேண்டிய சோதனையை உள்ளிருந்து தொடங்கச் சொல்வதுதான் அந்தக் கட்டுரையின் குறை.

நான் பேசுவது எந்த வண்டியைப் பற்றி என்பதை முதலில் தெளிவாக்கிவிடுகிறேன். 1955-இல் இங்கிலாந்தின் ரெட்டிச் நகரத்து ராயல் என்ஃபீல்டு நிறுவனமும் மெட்ராஸ் மோட்டார்ஸ் நிறுவனமும் சேர்ந்து என்ஃபீல்டு இந்தியாவைத் தொடங்கிய பிறகு, திருவொற்றியூர் ஆலையிலிருந்து பல பத்தாண்டுகள் வெளிவந்த 346 சிசி புல்லட்டையே சொல்கிறேன். அதில் இருப்பது பர்மிங்ஹாமின் ஆல்பியன் நிறுவனம் வடிவமைத்த நான்கு கியர் பெட்டி. கியர் லிவர் வலது காலுக்கும், பின் பிரேக் இடது காலுக்கும் உரியவை. முதல் கியருக்கு லிவரை மேலே தூக்க வேண்டும். இரண்டு, மூன்று, நான்குக்குக் கீழே அழுத்த வேண்டும். கியர் லிவருக்குப் பக்கத்திலேயே குதிகாலால் அழுத்துவதற்கென்று ஒரு நியூட்ரல் லிவரும் உண்டு. கிளட்சைப் பிடித்துக்கொண்டு அதை அழுத்தினால் இரண்டு, மூன்று, நான்கு ஆகிய எந்தக் கியரிலிருந்தும் வண்டி நேரே நியூட்ரலுக்கு வந்துவிடும். இவ்வளவு வசதியான ஏற்பாடு இன்றைய வண்டிகளிலேயே இல்லை. ஆனாலும் இந்தப் பெட்டியை ஆங்கிலேயர்களே நியூட்ரல்கள் நிறைந்த பெட்டி என்று கேலி செய்வதுண்டு. அந்தக் கேலியில் உண்மை இல்லாமல் இல்லை. அவசரப்படுத்தினால் இரண்டு கியர்களுக்கு நடுவில் தொங்கிக்கொண்டு நிற்பது இதன் பிறவிக்குணம்.

வண்டி வந்ததும் ஸ்பேனரைக் கையில் எடுக்கக் கூடாது. முதலில் வண்டிக்காரரிடம் கேள்வி கேட்க வேண்டும். "கியர் சரியில்லை" என்ற ஒரே சொல்லுக்குள் ஒன்றோடொன்று தொடர்பில்லாத பல நோய்கள் ஒளிந்திருக்கின்றன. சிக்னலில் இன்ஜின் ஓடிக்கொண்டிருக்கும்போது நியூட்ரல் கிடைக்கவில்லை, முதல் கியர் போட்டால் 'டங்'கென்று வண்டி முன்னே குதிக்கிறது என்றால் அது ஒரு நோய். லிவரை அழுத்தினால் கால் முழுதும் இறங்குகிறது, ஆனால் கியர் விழாமல் இன்ஜின் மட்டும் இரைகிறது என்றால் அது வேறு. கியர் ஒழுங்காக விழுந்து, ஆக்சிலரேட்டரைத் திருகியதும் தானாகக் கழன்றுவிடுகிறது என்றால் அது இன்னொன்று. லிவரை அழுத்திவிட்டுக் காலை எடுத்தால் அது பழைய இடத்துக்குத் திரும்புவதே இல்லை என்பது நான்காவது. காலையில் மட்டும் வருகிறதா, வண்டி சூடான பிறகு வருகிறதா, மழை நாளில் கூடுகிறதா என்பதையும் கேட்டுக்கொள்ள வேண்டும். இவற்றுக்கெல்லாம் விடை கிடைத்துவிட்டால் பாதி வேலை முடிந்துவிடும். அந்தக் கட்டுரை இந்த நான்கையும் ஒரே பெயரால் அழைத்து, ஒரே மருந்தை எழுதிக்கொடுத்துவிட்டது.

அடுத்ததாக, காசில்லாமல் செய்யக்கூடிய ஒரு சோதனை இருக்கிறது. இன்ஜினை நிறுத்திவிட்டு, வண்டியை சென்டர் ஸ்டாண்டில் ஏற்றி, பின் சக்கரத்தைக் கையால் முன்னும் பின்னும் மெல்ல அசைத்துக்கொண்டே கியர்களை ஒவ்வொன்றாகப் போட்டுப் பார்க்க வேண்டும். சக்கரத்தை அசைக்காமல் போட்டால், பினியன்களின் பக்கவாட்டில் உள்ள கட்டைப் பற்கள் ஒன்றின் முகத்தில் மற்றொன்று முட்டிக்கொண்டு கியர் விழாமல் நிற்பது இயல்பு. இதைப் பார்த்தே "பெட்டி போய்விட்டது" என்று தீர்ப்பு எழுதியவர்கள் உண்டு. சக்கரத்தை அசைத்தபடி போடும்போது நான்கு கியர்களும் தடையில்லாமல் விழுந்து எழுகின்றன, ஆனால் இன்ஜின் ஓடும்போது மட்டும் முரண்டு பிடிக்கின்றன என்றால், சந்தேகத்தை முதலில் கிளட்சின் மேல் வைக்க வேண்டும். இன்ஜின் நின்றிருக்கும்போதும் ஒரு குறிப்பிட்ட கியர் விழ மறுக்கிறது என்றால் மட்டுமே லிவர், அதன் ஒவ்வோர் அழுத்தத்துக்கும் ஒரு கியர் நகர்த்தும் ராட்செட், பினியன்களை நகர்த்தும் ஃபோர்க் என்று பெட்டியை நோக்கி நகர வேண்டும்.

கிளட்சைச் சோதிக்கவும் இந்த வண்டியிலேயே ஒரு நல்ல வழி இருக்கிறது. புல்லட்டின் கிக்கர், இன்ஜினை நேராகச் சுற்றுவதில்லை. கியர் பெட்டியின் ஷாஃப்டுகள் வழியாகக் கிளட்சுக்கும், கிளட்சின் வழியாகப் பிரைமரி செயினுக்கும், அதன் வழியாகவே இன்ஜினுக்கும் விசை போகிறது. எனவே வண்டியை நியூட்ரலில் வைத்து, கிளட்ச் லிவரை முழுதும் பிடித்துக்கொண்டு கிக்கரைக் கையால் மெதுவாக அழுத்தினால், அது எந்த எதிர்ப்பும் இல்லாமல் இறங்க வேண்டும். அப்போது கம்ப்ரஷன் (சிலிண்டருக்குள் உள்ள அழுத்தம்) கைக்குத் தட்டுப்பட்டால், கிளட்ச் விடுபடவில்லை என்று பொருள். அந்த அழுத்தத்தை வெளியேற்றும் டீகம்ப்ரஷன் லிவரைத் தொடாமல் இதைச் செய்ய வேண்டும். கம்ப்ரஷன் தெரிகிறதா என்பதுதானே கேள்வி. இரவெல்லாம் நின்ற வண்டியில் கிளட்ச் பிளேட்டுகள் எண்ணெய்ப் பசையால் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டிருக்கும் என்பதால், அந்தக் காலத்து ஓட்டுநர்கள் காலையில் ஸ்டார்ட் செய்யும் முன் கிளட்சைப் பிடித்துக்கொண்டு இரண்டு உதை உதைத்து அவற்றைப் பிரித்துவிடுவார்கள். இதைத் தெரியாத புதிய தலைமுறையினர், ஒட்டிய கிளட்சோடு ஸ்டார்ட் செய்து, முதல் கியரைத் தூக்கி, அந்த 'டங்' சத்தத்தைக் கேட்டுவிட்டு நேரே என்னிடம் வருகிறார்கள்.

கிளட்ச் விடுபடாமல் இருப்பதற்கு மிகச் சாதாரணமான காரணம் கிளட்ச் வயர்தான். லிவரின் அடியில் இரண்டு மூன்று மில்லிமீட்டர் ப்ளே (தளர்வு) இருந்தால் போதும். வயர் நீண்டுபோய் இந்த ப்ளே அதிகமாகிவிட்டால், லிவரைக் கைப்பிடியோடு ஒட்டப் பிடித்தாலும் பிளேட்டுகள் முழுதாகப் பிரியாது. வயரின் அட்ஜஸ்டரை மட்டும் திருகிக்கொண்டே போவதும் சரியல்ல. கியர் பெட்டிப் பக்கம் உள்ள அட்ஜஸ்டர் திருகைச் சரிசெய்து, பெட்டியின் முக்கியத் தண்டான மெயின் ஷாஃப்டுக்குள் ஓடி, கிளட்சைத் தள்ளித் திறக்கும் புஷ் ராடுக்கும் அதைத் தள்ளும் அமைப்புக்கும் நடுவே சிறிது இடைவெளி வைத்துவிட்டு, அதன் பிறகுதான் வயரைச் சரிசெய்ய வேண்டும். அந்த இடைவெளியே இல்லாமல் இறுக்கிவிட்டால் கிளட்ச் எப்போதும் பாதி அழுத்தப்பட்டபடி வழுக்கும். புஷ் ராடின் முனையும் சூடேறி நீலம் பாய்ந்து தேய்ந்துவிடும். வயரின் வெளியுறையையும் பார்க்க வேண்டும். சில மட்டமான வயர்களில் லிவரைப் பிடிக்கும்போது உள் கம்பி நகர்வதற்குப் பதிலாக வெளியுறையே நெளிந்து கொடுக்கும்; கையில் பளு தெரியும், பிளேட்டில் நகர்வு இருக்காது.

இதற்கு ஓர் எடுத்துக்காட்டு சொல்கிறேன். வேறோர் ஊர் பட்டறையில், பெட்டி முழுவதையும் மாற்ற வேண்டும் என்று கணக்குப் போட்டுக் கொடுக்கப்பட்ட 1970-களின் வண்டி ஒன்று என்னிடம் வந்தது. ஹேண்டில்பாரின் லிவர் முனையில் கிளட்ச் வயரின் ஈயக் குமிழை வெளியே இழுத்துப் பார்த்தபோது, அதன் கழுத்தில் பாதிக்கு மேற்பட்ட இழைகள் அறுந்து, மீதி இழைகள் மட்டும் இழுபட்டு நீண்டிருந்தன. வயரை மாற்றியதும் சிக்னலில் நியூட்ரல் ஒரே தட்டில் கிடைத்தது. பெட்டியின் ஒரு நட்டைக்கூடத் தொடவில்லை. அந்தப் பட்டறைக்காரர் ஏமாற்ற நினைத்தார் என்று நான் சொல்ல மாட்டேன். அவர் சோதனையைத் தொடங்கிய இடம் தவறு, அவ்வளவுதான்.

வயர் நன்றாக இருந்தும் கிளட்ச் விடவில்லை என்றால் இடதுபுறத்துப் பிரைமரி மூடியைக் கழற்ற வேண்டும். ஃபுட்ரெஸ்டையும் பிரேக் பெடலையும் விலக்கிவிட்டால், இந்தப் பெரிய மூடியைப் பிடித்திருப்பது நடுவில் உள்ள ஒரே ஒரு நட்டுதான் என்பதைப் பார்த்து முதல்முறை செய்கிறவர்கள் வியப்பார்கள். எண்ணெய் கசிகிறதே என்று அந்த நட்டை முரட்டுத்தனமாக இறுக்குவதால் மூடி வளைந்து மேலும் கசியும் என்பதையும் இந்த இடத்தில் சொல்லிவிடுகிறேன். மூடியைக் கழற்றிய பின், ஒருவர் லிவரை மெதுவாகப் பிடிக்க, மற்றவர், பிளேட்டுகளை அழுத்திப் பிடிக்கும் பிரஷர் பிளேட்டைப் பக்கவாட்டிலிருந்து கவனிக்க வேண்டும். அது வட்டம் முழுதும் ஒரே அளவில் வெளியே வர வேண்டும். ஒரு பக்கம் முன்னே வந்து மறுபக்கம் பின்தங்கினால், ஸ்பிரிங்குகளில் ஒன்று தளர்ந்திருக்கிறது, அல்லது அவற்றின் திருகுகள் ஏறுக்குமாறாக இறுக்கப்பட்டிருக்கின்றன. அப்படிக் கோணலாகத் திறக்கும் கிளட்சில் பிளேட்டுகள் ஒரு மூலையில் உரசிக்கொண்டே இருக்கும். கியர் பெட்டியின் மெயின் ஷாஃப்டும் அதனோடு சேர்ந்து சுற்றிக்கொண்டே இருக்கும். சுற்றும் பினியனும் நிற்கும் பினியனும் எப்படிச் சத்தமில்லாமல் சேரும்?

பிளேட்டுகளை வெளியே எடுத்ததும், பழைய கார்க் பிளேட்டாக இருந்தால் கார்க் ஊதியிருக்கிறதா, உதிர்ந்திருக்கிறதா என்று பார்க்க வேண்டும். இரும்பு பிளேட்டைக் கண்ணாடித் துண்டின் மேல் வைத்துச் சுற்றிவர விரல் நகத்தால் தட்டினால் வளைவு தெரிந்துவிடும். எல்லாவற்றையும் விட முக்கியமாக, பிளேட்டின் காதுகள் உட்காரும் கிளட்ச் டிரம்மின் பள்ளங்களை விரலால் தடவிப் பார்க்க வேண்டும். ஆண்டுக்கணக்கில் பிளேட்டுகள் முட்டி முட்டி அந்தப் பள்ளங்களின் சுவரில் படிப்படியாக வெட்டு விழுந்திருக்கும். லிவரைப் பிடித்ததும் வழுக்கிக்கொண்டு விலக வேண்டிய பிளேட்டுகள், அந்தப் படிகளில் மாட்டிக்கொண்டு நின்றுவிடும். லேசான வெட்டாக இருந்தால் அரத்தால் சமன்செய்துவிடலாம். ஆழமாக இருந்தால் டிரம்மை மாற்றுவதே நல்லது, ஏனென்றால் அதிகமாக அராவினால் பள்ளம் அகலமாகிப் பிளேட்டுகள் ஆடத் தொடங்கிவிடும். புதிய பிளேட்டுகளை மட்டும் போட்டுவிட்டு, வெட்டு விழுந்த டிரம்மை அப்படியே விட்டுவிடுவது பல பட்டறைகளில் நடக்கிறது. சில வாரங்களில் பழைய குறையே திரும்பி வரும். பழி மட்டும் கியர் பெட்டியின் மேல் விழும்.

மூடி திறந்திருக்கும்போதே பிரைமரி செயினையும் பார்த்துவிட வேண்டும். பல பிரிட்டிஷ் வண்டிகளில் கியர் பெட்டியையே முன்னும் பின்னும் நகர்த்திச் செயினைச் சரிசெய்வார்கள். புல்லட்டில் பெட்டி கிரேங்க் கேஸின் பின்புறத்திலேயே போல்ட் போட்டுப் பிடிக்கப்பட்டிருப்பதால் அதற்கு வழியில்லை. செயினுக்கு அடியில் உள்ள டென்ஷனர் பட்டையைத்தான் திருகால் உயர்த்த வேண்டும். செயின் இறுக்கமான இடத்தில் ஏறத்தாழ கால் அங்குலம் ஆட வேண்டும். அதற்கு மேல் இறுக்கினால் மெயின் ஷாஃப்டை ஒரு பக்கமாக இழுத்து, கிளட்சையும் கியரையும் சேர்த்துக் கெடுக்கும். பிரைமரிக்குள் கண்ட எண்ணெயை ஊற்றுவதும் கூடாது. கெட்டியான எண்ணெய் குளிர்ந்த காலையில் பிளேட்டுகளைப் பசைபோல் பிடித்துக்கொள்ளும். காலையில் மட்டும் தொல்லை, பத்து நிமிட ஓட்டத்துக்குப் பின் சரியாகிவிடுகிறது என்று சொல்லும் வண்டியில் நான் முதலில் பார்ப்பது இந்த எண்ணெயைத்தான்.

இனி வலப்பக்கம் வருகிறேன். லிவரை முழுதும் அழுத்தியும் கியர் பாதியில் தொங்கி நிற்கும் நோய்க்கு, ஆல்பியன் பெட்டியில் மிகச் சாதாரணமான காரணம் கியர் லிவருக்குப் பின்னால் வெளியிலேயே தெரியும் ஸ்டாப்பர் பிளேட்தான். லிவர் மேலும் கீழும் எவ்வளவு தூரம் போக வேண்டும் என்பதற்கு எல்லை வகுப்பது அதுவே. அதைப் பிடித்திருக்கும் இரண்டு நட்டுகள் அதிர்வில் தளர்ந்து பிளேட் நகர்ந்துவிட்டால், ஒரு திசையில் லிவருக்குத் தேவைக்கு மேல் இடம் கிடைக்கும், மறு திசையில் குறைந்துவிடும். விளைவாக, கியர் ஏற்றும்போது ஒழுங்காக விழும், இறக்கும்போது தவறும். அல்லது இதற்கு நேர்மாறாக நடக்கும். ஒரு திசையில் மட்டும் தவறுகிறது என்று வண்டிக்காரர் சொன்னால், இந்தப் பிளேட்டைத் தவிர வேறு எதையும் முதலில் நினைக்க வேண்டியதில்லை.

சரிசெய்யும் முறை எளிது. ஆனால் பொறுமை வேண்டும். பிளேட் இப்போது இருக்கும் இடத்தைப் பெட்டியின் மேல் கூரான ஊசியால் கோடிட்டுக் குறித்துக்கொள்ள வேண்டும். பிறகு இரண்டு நட்டுகளையும் பிளேட் நகரும் அளவுக்கு மட்டும் தளர்த்தி, மயிரிழை அளவு ஒரு பக்கம் நகர்த்தி, மீண்டும் இறுக்கி, பின் சக்கரத்தைச் சுற்றியபடி நான்கு கியர்களையும் ஏற்றி இறக்கிப் பார்க்க வேண்டும். குறை கூடினால் எதிர்ப்பக்கம் நகர்த்த வேண்டும். இரண்டு திசையிலும் ஒரே அளவு அழுத்தத்தில் கியர் விழும் இடம் ஒன்று கட்டாயம் கிடைக்கும். ஸ்டாண்டில் சரியாக இருப்பது சாலையில் சிறிது மாறலாம் என்பதால், ஓட்டிப் பார்த்து மீண்டும் ஒருமுறை தொட வேண்டியிருக்கும். ஸ்பேனர் ஒன்றே போதுமான இந்த வேலையை விட்டுவிட்டுப் பெட்டியைப் பிரிப்பது வீண். இதைவிடக் கவலைக்குரிய செய்தி ஒன்று உண்டு: நகர்ந்த ஸ்டாப்பர் பிளேட்டோடு மாதக்கணக்கில் ஓட்டினால், கட்டைப் பற்கள் முழு ஆழத்துக்குச் சேராமல் நுனியில் மட்டும் கவ்விக்கொண்டு சுமை தாங்கும், மூலைகள் மழுங்கும், அதன் பிறகு பினியன் உண்மையிலேயே கெட்டுவிடும்.

லிவரையும் பார்க்க வேண்டும். எப்போதோ விழுந்த வண்டியில் லிவர் உள்ளே வளைந்து மூடியில் உரசிக்கொண்டிருக்கலாம். லிவரின் உட்பற்கள் தேய்ந்து ஷாஃப்டின் மேல் வழுக்கலாம். காலுக்கு அழுத்திய உணர்வு வரும், உள்ளே எதுவும் நகராது. பெரிய குதிகால் வைத்த ஷூ போடுபவர்கள் ஓட்டும்போது தங்களை அறியாமல் நியூட்ரல் லிவரின் மேல் காலை ஊன்றிவிட்டு, "மூன்றாவது கியர் தானாகக் கழல்கிறது" என்று சொல்வதும் நடக்கிறது.

ஓட்டும் முறையைப் பற்றியும் எழுத வேண்டியிருக்கிறது. இன்றைய வண்டிகளில் பழகியவர்கள் கியரைக் கால்விரலால் சுண்டிவிடுகிறார்கள். ஆல்பியன் பெட்டி அதற்கு இணங்காது. ஆக்சிலரேட்டரை மூடி, கிளட்சை முழுதும் பிடித்து, லிவரை அதன் எல்லை வரை ஒரே சீராக அழுத்தி, ஒரு கணம் அங்கேயே வைத்திருந்து, அதன் பிறகு காலை முழுதும் எடுத்துவிட வேண்டும். காலை எடுத்தால்தான் ராட்செட் திரும்பி வந்து அடுத்த கியருக்குத் தயாராகும். லிவரின் மேலேயே காலை வைத்துக்கொண்டு அடுத்தடுத்து அழுத்துபவர்களுக்கு எந்தப் பெட்டியும் ஒத்துழைக்காது. என்னிடம் வரும் வண்டிகளில் சிலவற்றை நான் பத்து கிலோமீட்டர் ஓட்டிப் பார்த்துவிட்டு, வண்டியில் ஒன்றுமில்லை என்று சாவியைத் திருப்பிக் கொடுத்திருக்கிறேன். வண்டிக்காரர்களுக்கு இது பிடிப்பதில்லை என்பதும் உண்மை.

இவ்வளவும் பார்த்த பிறகும் குறை தீரவில்லை என்றால் பெட்டிக்கு வரலாம். அப்போதும் பிரிப்பதற்கு முன்னால் எண்ணெயை வடித்துப் பார்க்க வேண்டும். இந்தப் பெட்டியில் முற்காலத்தில் இளகிய கிரீஸையும் எண்ணெயையும் கலந்து போடும் வழக்கம் இருந்தது. அந்தப் பழக்கத்தில் இன்னமும் கெட்டியான கிரீஸை மட்டும் அடைப்பவர்கள் இருக்கிறார்கள். பினியன்கள் அதில் தங்களுக்கு ஒரு வழி வெட்டிக்கொண்டு சுற்ற, புஷ்களுக்கும் (ஷாஃப்டுகளைத் தாங்கும் உலோக வளையங்கள்) ஃபோர்க்குகளுக்கும் ஒரு துளியும் போய்ச் சேராது. வடித்த எண்ணெயை வெள்ளைத் துணியில் ஊற்றிப் பார்த்தால், சாம்பல் நிற நுண்பொடி இருப்பது வயதின் அடையாளம் மட்டுமே. பித்தளை நிறத் துகள்கள் மின்னினால் புஷ் தேய்கிறது. காந்தத்தில் ஒட்டும் செதில்களோ பல்லின் துண்டோ கிடைத்தால், அதற்கு மேல் யோசிக்காமல் பிரித்துவிட வேண்டும்.

சத்தமும் ஒரு வழிகாட்டி. இந்தப் பெட்டியில் நான்காம் கியரின் விகிதம் ஒன்றுக்கு ஒன்று. மெயின் ஷாஃப்டின் விசை, அதற்கு இணையாக உள்ள துணைத் தண்டான லே ஷாஃப்டுக்குப் போகாமல், பின் செயினை இழுக்கும் ஸ்பிராக்கெட்டுக்கு நேரே போகிறது. முதல் மூன்று கியர்களிலும் ஊளைச் சத்தம் கேட்டு, நான்கில் மட்டும் அடங்கினால், லே ஷாஃப்டின் புஷ்ஷையோ அதன் பினியன்களையோ சந்தேகிக்கலாம். நான்கிலும் தொடர்ந்தால் பேரிங், பிரைமரி, பின் செயின் ஆகிய பக்கம் திரும்ப வேண்டும். ஒரே ஒரு கியர் மட்டும் சுமையில் கழன்றால் அந்தக் கியரின் கட்டைப் பற்கள் மழுங்கியிருக்கின்றன அல்லது அதை நகர்த்தும் ஃபோர்க் வளைந்திருக்கிறது. எல்லாக் கியரும் எப்போதாவது ஒருமுறை கழன்றால், கியரை அதன் இடத்தில் பிடித்து நிறுத்தும் ஸ்பிரிங் தளர்ந்திருக்கலாம். லிவர் திரும்பி வராத நோய்க்கு ராட்செட்டின் ஸ்பிரிங் உடைந்திருப்பதே பெரும்பாலும் காரணம். அதற்கு வெளி மூடியைக் கழற்றினால் போதும், பினியன்கள் வரை போக வேண்டியதில்லை. இதோடு, ஆக்சிலரேட்டரைத் திறந்து மூடும்போதெல்லாம் கேட்கும் 'கடக்' சத்தம் பின் சக்கர ஹப்பில் உள்ள ரப்பர் கட்டைகள் நைந்துபோனதால் வருவதாகவும் இருக்கலாம். அதையும் கியர் கணக்கில் எழுதிவிடுகிறார்கள்.

உதிரிபாகங்களைப் பொறுத்தவரை கட்டுரையாளரோடு எனக்குள்ள கருத்து வேறுபாடு கடுமையானது. மொத்தமாக மாற்றுங்கள் என்று எழுதுவது எளிது. மாற்றுவதற்கு எது கிடைக்கிறது? சென்னை புதுப்பேட்டையிலும் ஜெனரல் பேட்டர்ஸ் சாலையிலும், டெல்லி கரோல் பாக்கிலும் பழைய புல்லட்டின் பினியன் செட் கிடைக்கத்தான் செய்கிறது. ஆனால் அவற்றில் நல்ல எஃகும் முறையான பதமும் உள்ளவையும், ஒரு மழைக்காலம் தாங்காதவையும் ஒரே மாதிரிப் பெட்டிகளில்தான் வருகின்றன. ஐம்பது ஆண்டு ஓடியும் ஓரம் மட்டும் சிறிது மழுங்கிய திருவொற்றியூர்ப் பினியனைக் கழற்றி எறிந்துவிட்டு, ஊர் பேர் தெரியாத புதியதைப் போடுவதை நான் ஒப்புவதில்லை. மாற்றியே ஆக வேண்டும் என்றால், கெட்ட பினியனோடு அதற்கு இணையாகச் சுற்றும் ஜோடியையும் சேர்த்து மாற்ற வேண்டும். கழற்றிய பழையவற்றை உரிமையாளர் கேட்டு வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும்.

ஐந்து கியர் பெட்டி மோசமானது என்று நான் சொல்லவில்லை. அது சத்தமின்றி, எளிதாக மாறும். ஆனால் கிளட்ச் விடுபடாத வண்டியில் அதைப் பொருத்தினாலும் சிக்னலில் நியூட்ரல் கிடைக்காது. அந்த 'டங்' சத்தமும் போகாது. மேலும், 2021 ஜூலையில் மத்திய மோட்டார் வாகன விதிகளில் செய்யப்பட்ட திருத்தத்தின்படி, முதல் பதிவிலிருந்து 50 ஆண்டுகளைக் கடந்து, சேசிஸ், பாடி, இன்ஜின் ஆகியவற்றில் பெரிய மாற்றம் இல்லாமல் மூல வடிவில் இருக்கும் இருசக்கர வாகனங்களை விண்டேஜ் வாகனமாகப் பதிவு செய்துகொள்ளலாம். அதற்கென 'விஏ' என்ற எழுத்துகள் கொண்ட தனிப் பதிவெண்ணும், 20,000 ரூபாய் கட்டணமும், 10 ஆண்டு செல்லுபடிக் காலமும் வகுக்கப்பட்டுள்ளன. 1970-களின் முற்பகுதியில் வந்த புல்லட்டுகள் இப்போது அந்த வயதை எட்டியிருக்கின்றன. அப்படிப்பட்ட வண்டியில், இன்ஜினோடு ஒட்டிய இவ்வளவு பெரிய உறுப்பை எடுத்துவிட்டு வேறொன்றைப் பொருத்துமாறு ஒரு நாளிதழ் பொதுவாகப் பரிந்துரைப்பது பொறுப்பான செயல் ஆகாது என்பது என் கருத்து.

இறுதியாக ஒரு திருத்தம். கட்டுரையோடு வெளியான வரைபடத்தில் முதல் கியர் கீழேயும் மற்றவை மேலேயும் இருப்பதாகக் காட்டப்பட்டிருக்கிறது. அது இன்றைய வண்டிகளின் முறை. வலது கால் கியர் உள்ள நான்கு கியர் புல்லட்டில் முதல் கியர் மேலே, மற்ற மூன்றும் கீழே. வரைபடத்தை நம்பி ஏற்காட்டுச் சரிவில் இறங்கும் ஒருவர், வேகத்தைக் குறைக்க நினைத்து லிவரைக் கீழே அழுத்தினால் வண்டி மேல் கியருக்குப் போய், இன்ஜினின் பிடிப்பு குறைந்து வேகம் கூடும். பதற்றத்தில் வலது காலால் பிரேக்கைத் தேடினால் அங்கே பிரேக்கும் இருக்காது. எனவே வேறு எதை வெளியிட இடமில்லாவிட்டாலும், இந்த வரைபடத்துக்கான திருத்தத்தை அடுத்த வாரப் பக்கத்திலேயே வெளியிடுமாறு கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் நெடுநாள் வாசகன்,
மோட்டார் சைக்கிள் பழுதுபார்ப்பவர்,
திருச்சிராப்பள்ளி.